மசாய் மாரா சஃபாரி: காரைக்குடியிலிருந்து ஒரு மதிப்பீடு

காரைக்குடிப் பயண நிறுவனம் ஒன்றின் ஏற்பாட்டில், சென்ற ஆகஸ்டில் நாங்கள் ஆறு பேர் கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் நான்கு நாட்கள் தங்கினோம். கூடாரமும் உணவும் குறை சொல்லும்படி இல்லை; ஆச்சி கட்டிக்கொடுத்த பருப்புப்பொடி பெரும்பாலும் அப்படியே திரும்பி வந்தது.

பணத்துக்குப் பெறுமதியானவர் வாகன ஓட்டுநர்தான். மற்ற வண்டிகள் சிங்கங்களைச் சூழ்ந்து நெருக்கியபோது, அவர் எங்களைத் தனியே அழைத்துச் சென்று, கிளையிலிருந்து தொங்கிய வாலை மட்டும் காட்டி, அது சிறுத்தை என்று நாங்களே கண்டுகொள்ளும் வரை இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். பறவைகளுக்காகத் தீபாவளி வெடியைக் கைவிட்ட நம் சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி ஊரார் இவரை உடனே புரிந்துகொள்வார்கள். தான்சானியாவின் செரங்கெட்டிப் புல்வெளியிலிருந்து புல்லையும் மழையையும் தேடி வடக்கே வரும் நூ (மாடு போலத் தோன்றும் மான் வகை) விலங்குகள், முதலைகள் கிடக்கும் மாரா ஆற்றில் இறங்கத் துணியாமல் கரைக்கும் மேட்டுக்குமாக மூன்று மணி நேரம் அலைந்து, ஒன்று குதித்ததும் மொத்தமாகப் பாய்ந்த காட்சியை நாங்கள் கண்டதற்கும் ஓட்டுநரின் அந்தப் பொறுமையே காரணம்.

நிறுவனத்தின் மீது ஒரு வருத்தம் உண்டு. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று, ஊசி போட்டு 10 நாட்கள் கழித்தே செல்லுபடியாகும் என்பதைத் தாமதமாகச் சொன்னதால், கடைசி நேரத்தில் சென்னைக்கு ஓடினோம். முன்பதிவின்போதே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். தொலைநோக்கியையும் ஆளுக்கொன்றாக எடுத்துச் செல்லுங்கள்.