லாவ் பா சாட், மேக்ஸ்வெல், அமோய்: ராத்திரி எட்டரைக்கு எங்கே சோறு கிடைக்கும்?

சிங்கப்பூர் ராபின்சன் ரோட்டில் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. லண்டன் ஆட்களோடு பேச வேண்டிய வேலை, அதனால் காலை பதினொன்றுக்கு உள்ளே போனால் வெளியே வர இரவு எட்டு, எட்டரை ஆகிவிடும். மதியச் சாப்பாடு, ராத்திரிச் சாப்பாடு இரண்டுமே நகரின் நடுவில்தான். மாதத்துக்கு 22 வேலை நாள் என்று வைத்தால் 44 வேளை. இத்தனை வேளை வெளியில் சாப்பிடுகிறவளுக்கு ‘எங்கே ருசி அதிகம்’ என்ற கேள்வி இரண்டாம் பட்சம். ‘எங்கே போனால் ஏமாறாமல் வயிறு நிறையும்’ என்பதுதான் முதல் கேள்வி.

என் அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரே கூரைக்குக் கீழே பல சாப்பாட்டுக் கடைகள் உள்ள உணவங்காடிகள் மூன்று இருக்கின்றன: லாவ் பா சாட், அமோய் ஸ்திரீட் உணவங்காடி, மேக்ஸ்வெல் உணவங்காடி. மூன்றிலும் மாறி மாறிச் சாப்பிட்டுப் பார்த்து, கடைசியில் லாவ் பா சாட்டில் நிலைத்துவிட்டேன். சிங்கப்பூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் உடனே முகம் மாறும். “அது சுற்றுப்பயணிகள் போற இடம், விலை கூட” என்பார்கள். அவர்கள் சொல்வது முழுக்கத் தப்பு இல்லை. ஆனாலும் என் முடிவு அதுதான், ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அமோய். மதியம் மட்டும் சாப்பிடுகிறவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், அங்கேயே போங்கள். இரண்டு மாடி. கீழே புழுக்கமாக இருந்தால் மேலே போய்விடலாம், கொஞ்சம் காற்று வரும். கூட்டம் முழுக்க அலுவலகக்காரர்கள், அதனால் கடைக்காரர்களின் கை வேகமே வேறு. ஹான் கீ மீன் சூப்புக்கு நிற்கிற வரிசையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும், ஆனால் நகரும். ஐந்தாறு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) நிறைவாகச் சாப்பிட்டுவிட்டு எழலாம். பன்னிரண்டரைக்குப் போனால் உட்கார இடம் கிடைக்காது, மேசைதோறும் டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம் பிடித்திருப்பார்கள். பதினொன்றே முக்காலுக்குப் போங்கள், இல்லாவிட்டால் ஒன்றே காலுக்கு மேல். பக்கத்திலேயே தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் நம்மவர்கள் கூச்சுப் பள்ளி என்று சொல்லிவந்த அல் அப்ரார் பள்ளிவாசல் இருக்கிறது, சோழியர்கள் என்ற தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வருகிற கூட்டமும் சேர்ந்துகொள்ளும், அன்றைக்கு இன்னும் நெருக்கடி. அந்தத் தெரு ஒரு காலத்தில் கடற்கரையாகவே இருந்தது என்பதை ஒவ்வொரு முறை கடக்கும்போதும் நினைத்துக்கொள்வேன், இப்போது கடலைப் பார்க்க வேண்டுமென்றால் எத்தனை கட்டடம் தாண்ட வேண்டும்!

மேக்ஸ்வெல் பற்றி எல்லோருக்கும் தெரியும். தியன் தியன் சிக்கன் ரைஸ், அதன் வரிசை, அதற்குப் பக்கத்திலேயே வேறு சிக்கன் ரைஸ் கடைகள், எது உசத்தி என்கிற சண்டை. அதற்குள் நான் போகப் போவதில்லை. எனக்கு அங்கே மிகவும் பிடித்தது அதன் முகவரி: 1, கடையநல்லூர் ஸ்திரீட். அந்த ஊரிலிருந்து தஞ்சோங் பகார் பக்கம் வந்து குடியேறிய தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் நினைவு ஒரு தெருப் பலகையில் மிச்சமிருக்கிறது. அங்கிருந்து சவுத் பிரிட்ஜ் ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தால் மாரியம்மன் கோயில். விலை அமோய் போலத்தான், கடைகள் நூறுக்குப் பக்கம். மேக்ஸ்வெல் எம்ஆர்டி ரயில் நிலையம் 2022இல் திறந்த பிறகு போய்வருவதும் சுலபமாகிவிட்டது.

இனி நான் முடிவெடுத்த காரணத்துக்கு வருகிறேன். கடை மூடுகிற நேரம். இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, ஏனென்றால் உணவங்காடிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மதியம் போகிறவர்கள், அல்லது சனி ஞாயிறில் குடும்பத்தோடு போகிறவர்கள். வேலை முடிந்து எட்டே காலுக்கு, மதியம் சாப்பிட்டது எப்போதோ கரைந்துபோன வயிற்றோடு லிஃப்டிலிருந்து இறங்குகிறவளின் கணக்கு வேறு.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், மதியம் நன்றாக இருந்ததே என்ற நம்பிக்கையில் எட்டரைக்கு அமோய் போனேன். கீழ்த்தளம் முழுக்க ஷட்டர் இறங்கியிருந்தது. மேலே போய்ப் பார்த்தேன், ஒரு அம்மா தரையைக் கழுவிக்கொண்டிருந்தார், நாற்காலிகளெல்லாம் ஈரம். அது கடைக்காரர்களின் குற்றமே இல்லை. விடிகாலையில் வந்து சூப்புக்கு எலும்பு வேகவைக்கிறவர்கள், மதியக் கூட்டம் முடிந்து சரக்கும் தீர்ந்தால் வீட்டுக்குப் போகத்தான் செய்வார்கள். பல கடைகளில் இரண்டு மணிக்கே எல்லாம் தீர்ந்துவிடும், மூன்றுக்குள் பாதிக்கு மேல் மூடிவிடும். சனி ஞாயிறில் அந்தப் பக்கம் அலுவலகக் கூட்டமே இல்லாததால் திறப்பதும் சில கடைகள்தான். தெரியாமல் போனது என் தப்பு.

அன்றைக்கு அங்கிருந்து மேக்ஸ்வெல்லுக்கு நடந்தேன். அங்கே விளக்கு எரிந்தது, ஆட்கள் இருந்தார்கள், ஆனால் நான் மனதில் வைத்துக்கொண்டு போன கடை மூடிவிட்டிருந்தது. பிறகு பலமுறை போய்ப் பார்த்ததில் புரிந்தது இதுதான்: மேக்ஸ்வெல்லில் ராத்திரி ஏதோ ஒன்று நிச்சயம் கிடைக்கும், நாம் நினைத்தது கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு விடுமுறை நாள், ஒவ்வொரு மூடும் நேரம். பேர்போன கடைகள்தான் முதலில் மூடுகின்றன, ஏனென்றால் அவர்களுக்குத்தான் சரக்கு முதலில் தீர்கிறது. அப்புறம், அரசாங்க உணவங்காடிகளை அவ்வப்போது சுத்தம் செய்ய மூடுவார்கள், முன்கூட்டியே அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள், பார்த்துவைத்துக்கொள்ளாவிட்டால் நடந்த நடை வீண். மதிய இடைவேளையில் இப்படி ஏமாந்தால் பக்கத்துக் கடைக்குப் போகலாம். இரவு ஒன்பதை நெருங்கும்போது ஏமாந்தால், எனக்கென்னவோ சாப்பிடவே பிடிக்காமல் போய்விடுகிறது. அப்படி இரண்டு மூன்று இரவு பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுத்திருக்கிறேன்.

லாவ் பா சாட் 24 மணி நேரமும் திறந்திருக்கும் இடம். எல்லாக் கடைகளும் விடிய விடிய இயங்காது, ஆனால் எட்டரை, ஒன்பது என்பது அங்கே நடுப்பகல் மாதிரி. வார நாள்களில் ஏழு மணிக்கு மேல் பக்கத்து பூன் டாட் ஸ்திரீட்டை வாகனங்களுக்கு மூடி, தெருவிலேயே மேசை போட்டு, குச்சியில் குத்திய இறைச்சியைக் கரியில் வாட்டித் தரும் சாத்தே கடைகள் தொடங்கும். ராபின்சன் ரோட்டின் மூலையில் திரும்பும்போதே கரிப் புகையும் எலுமிச்சைப் புல் வாசனையும் வரும். அந்த வாசனை வந்ததும் அன்றைய வேலை முடிந்ததென்று எனக்குத் தோன்றும்.

சாத்தேயைத் தினமும் சாப்பிட முடியாது, அது தனியாகப் போகிறவருக்கான சாப்பாடும் இல்லை. பத்துப் பத்துக் குச்சியாகத்தான் வாங்க வேண்டியிருக்கும், நாலு பேர் சேர்ந்து போங்கள். எத்தனை குச்சி, மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது, இறால் சேர்த்துத் தொகுப்பாக வாங்கினால் தொகை சட்டென்று ஏறும். என் அன்றாடச் சாப்பாடு உள்ளே, இந்தியக் கடைகளில். எனக்கு வெள்ளிக்கிழமை சைவம். மற்ற இரண்டு இடங்களில் வெள்ளி ராத்திரி சைவம் தேடுவது பெரும்பாடு, இங்கே தோசையோ சப்பாத்தியோ கிடைத்துவிடும். நான் வழக்கமாகப் போகிற கடையின் அண்ணன் இப்போதெல்லாம் என்னைப் பார்த்ததும் “என்ன தங்கச்சி, இன்னைக்கும் லேட்டா?” என்று கேட்டுக்கொண்டே கல்லில் தண்ணீர் தெளிக்கிறார். வீட்டுக்குப் போய்ச் சமைக்க முடியாத நாளில் அப்படி ஒரு குரல் எவ்வளவு ஆறுதல் என்பது தனியாக இருப்பவர்களுக்குத் தெரியும்.

கட்டடத்தையும் சொல்ல வேண்டும். எட்டு மூலைக் கூடாரம் மாதிரி, நடுவில் மணிக்கூண்டு, வார்ப்பிரும்புத் தூண்கள். 1894இல் கட்டியது, இரும்பெல்லாம் கிளாஸ்கோவில் வார்த்துக் கப்பலில் வந்தது. எம்ஆர்டி சுரங்கம் தோண்டியபோது 1986இல் துண்டு துண்டாகக் கழற்றி எடுத்துவைத்து, பிறகு திரும்பப் பூட்டியிருக்கிறார்கள். கூரை உயரம் என்பதால் குளிர்சாதனம் இல்லாமலே தாங்குகிறது. மதியம் ஒரு மணிக்கு வியர்க்கும், மறைக்கவில்லை. ராத்திரி சுகம்.

சரி, விலை. என் அனுபவத்தில் ஒரு வேளைக்கு அமோயைவிட இரண்டு, இரண்டரை வெள்ளி கூடுதல். 44 வேளையும் அங்கேயே என்றால் மாதத்துக்கு 90 முதல் 110 வெள்ளி வரை அதிகம் போகும். சின்னத் தொகை இல்லை. நான் செய்வது, மதியம் வாரத்தில் மூன்று நாள் அமோய், மீதி மதியமும் எல்லா இரவும் லாவ் பா சாட். அப்படிப் பார்த்தால் கூடுதல் செலவு 65 முதல் 80 வெள்ளிக்குள் அடங்குகிறது. அதை ராத்திரி தேடி அலையாமல் இருப்பதற்குக் கொடுக்கும் விலையாக எடுத்துக்கொள்கிறேன். இரவு ஏழுக்குள் வீடு போய்ச் சேருகிறவர் இந்தக் காசைக் கொடுக்கத் தேவையே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, பழைய கோல்டன் ஷூ வாகன நிறுத்தக் கட்டடம் இருந்த இடத்தில் எழும்பிய கேப்பிட்டாஸ்பிரிங் கட்டடத்தின் இரண்டாம் மூன்றாம் தளங்களில் உள்ள மார்க்கெட் ஸ்திரீட் உணவங்காடி. இரண்டு முறைதான் போயிருக்கிறேன், இரண்டும் மதியம். சுத்தமாக இருந்தது, மழையில் நனையாமல் சாப்பிடலாம், அதற்கு மேல் அதை இந்த மூன்றோடு வைத்து எடைபோட அந்த இரண்டு முறை போதாது. லிட்டில் இந்தியாவில் இருக்கிற தேக்கா உணவங்காடிக்கே போய்விடலாமே என்று கேட்பவர்களுக்கு: தெலுக் ஆயரிலிருந்து லிட்டில் இந்தியா ஆறு நிறுத்தம். விடுமுறை நாளில் போகலாம், ஒரு மணி நேர இடைவேளையில் போய்வந்தால் மென்று விழுங்க நேரம் இருக்காது.

முஸ்லிம் தோழியோடு போகும்போது கடைக்குக் கடை ஹலால் சான்றிதழைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைக்கிற இடத்தில் ஹலால் தட்டுக்குத் தனி அடுக்கு இருக்கும், அதைப் பார்த்து வையுங்கள்.

மழை நாளில் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். பூன் டாட் ஸ்திரீட் மேசைகள் திறந்த வெளியில் இருக்கின்றன, தூறல் விழுந்தாலே எல்லோரும் தட்டோடு உள்ளே ஓடி வருவார்கள், ஐந்து நிமிடத்தில் கூரைக்குக் கீழே ஓர் இடமும் மிஞ்சாது. ஐப்பசி, கார்த்திகையில் வானம் கறுத்திருந்தால் நான் முதலில் மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் பிடித்துவிட்டுத்தான் தோசைக்குச் சொல்லப் போவேன்.