அம்மாட நித்திரைக் குளிசையும் அரச ஆஸ்பத்திரி மனநல கிளினிக்கும்

திருகோணமலைப் பக்கம் அரச ஆஸ்பத்திரி ஒண்டில நடக்கிற மனநல கிளினிக் பற்றித்தான் எழுதுறன். எந்த ஆஸ்பத்திரி எண்டு போடேல்ல, அம்மா இன்னும் அங்கதான் போறா, சின்ன ஊர், ஆரெண்டு பிடிச்சிருவாங்க. ஆனா இந்தப் பிரச்சினை எங்கட ஊர்ல எத்தினையோ வீட்டில இருக்கு, ஒருத்தரும் வெளிய கதைக்கிறேல்ல.

அப்பா போன பிறகு அம்மாக்கு நெஞ்சு படபடப்பு தொடங்கினது. சும்மா இருக்கேக்க வியர்த்துக் கொட்டும், கை விறைக்கும், மூச்சு எடுக்க ஏலாது, "பிள்ள எனக்கு ஹார்ட் அட்டாக் வருது" எண்டு கத்துவா, ஈசிஜி எடுத்தா நோர்மல். முதல்ல சனல் பண்ணி, அதாவது தனியாரில காசு கட்டிக் காட்டின இடத்தில ரெண்டு கேள்வி கேட்டுட்டு இரவைக்குப் போடச் சொல்லி அல்பிரசோலம் எண்ட, பதட்டம் குறைச்சு நித்திரை வரப்பண்ணுற குளிசை 0.5 மில்லிகிராம் எழுதித் தந்தவங்க, எத்தினை நாளைக்கு எண்டு துண்டில ஒண்டுமில்ல. பிறகு பாமசியில துண்டே கேக்கிறேல்ல, பழைய குளிசை அட்டையைக் காட்டினாப் போதும், அப்பிடியே வருசக்கணக்கில போய்ட்டுது. பொதுவா இந்த வகைக் குளிசை ரெண்டு தொடக்கம் நாலு கிழமைக்கு மேல குடுக்கக்கூடாது எண்டுதான் மருத்துவ வழிகாட்டல்கள்ல இருக்கு. அதை எங்களுக்கு சொல்ல அந்தப் பாமசியில ஒருத்தருக்கும் வாய் வரேல்ல, எனக்கு இப்பவும் அந்தக் கோபம் ஆறேல்ல.

ஒருக்கா பாமசியில ஸ்டொக் முடிஞ்சிட்டுது. ரெண்டாம் நாளே அம்மாக்கு கை நடுக்கம், வெளிச்சம் பார்க்க ஏலாது, இரவிரவா நித்திரை இல்ல, சின்ன சத்தத்துக்கும் திடுக்கிடுறா. ஓபிடிக்கு கொண்டு ஓடினம், அங்கயிருந்துதான் இந்தக் கிளினிக்குக்கு அனுப்பினவங்க.

இப்ப கிளினிக். முதல் நாள் டொக்டர் எங்களோட இருந்த நேரத்தை நான் மறக்கமாட்டன். எங்க வலிக்குது எண்டு மட்டும் இல்ல, எப்ப நித்திரை முழிக்கிறா, பிளேன்டீ எத்தினை குடிக்கிறா, எந்த இடத்துக்குப் போகப் பயம், வீட்டில ஆர் இருக்கினம் எண்டெல்லாம் கேட்டவ. தைரொயிட், சுகர், ஹீமோகுளோபின் எல்லாம் ரத்தத்தில பார்த்தவங்க, ஏனெண்டா தைரொயிட் கூடினாலும் இதே மாதிரி நெஞ்சு அடிக்குமாம். பிறகுதான் சொன்னவ, அம்மா உங்களுக்கு இருக்கிறது பதகளிப்பு நோய், அதிலயும் இந்த திடீர் எண்டு வாறது பானிக் அட்டாக், அது கொஞ்ச நிமிசத்தில உச்சத்துக்குப் போய்ட்டு தானா இறங்கும், அதால உயிர் போகாது எண்டு. அம்மா அதைக் கேட்டுட்டு அழுதுட்டா. இவ்வளவு காலமும் ஒருத்தரும் அம்மாக்கு அதை விளங்கப்படுத்தினதே இல்ல.

குளிசையை உடன நிப்பாட்டுவாங்க எண்டு நான் நினைச்சன், டொக்டர் அதுக்கு விடவே இல்ல. மூளைக்கு காபா எண்டு இயற்கையான பிரேக் ஒண்டு இருக்காம், அல்பிரசோலம் மாதிரி பென்சோடயசெபின் வகைக் குளிசை எல்லாம் அந்த பிரேக்கை இன்னும் அமத்திப் பிடிக்கிறது, கனகாலம் போட்டா மூளை அந்த அமத்தலுக்கு பழகிடும், டக்கெண்டு காலை எடுத்தா வண்டி பறக்கும், வலிப்புக் கூட வரலாம். அதால அல்பிரசோலத்தை மெதுவா அதே வகையில இன்னொரு குளிசையான டயசிபாமுக்கு மாத்தினவங்க. 0.5 மில்லிகிராம் அல்பிரசோலத்துக்கு கிட்டத்தட்ட 10 மில்லிகிராம் டயசிபாம் கணக்காம், நான் அதைக் கேட்டு பயந்துட்டன், ஆனா டயசிபாம் உடம்பில கனநேரம் நிக்கும், அதால இறக்கம் மெதுவா இருக்குமாம். பிறகு ஒரு மில்லிகிராம், ரெண்டு மில்லிகிராம் எண்டு சில கிழமைக்கு ஒருக்கா குறைச்சு குறைச்சு வந்தவங்க. கிளினிக் கொப்பியில டொக்டர் தன்ட கையால கட்டம் போட்டு எந்தக் கிழமை எவ்வளவு எண்டு எழுதித் தந்தவ, நான் இரவில பிளேட்டால குளிசையை கோட்டில வெட்டி பாதிப் பாதியா சின்ன உறையில போட்டு வைப்பன், அம்மா கண்ணாடி போட்டுட்டு கட்டத்தில புள்ளடி போடுவா. ஒரு கிழமை ஏலாமப் போனா அதே அளவில நிண்டம், அதுக்கு ஒருத்தரும் ஏசேல்ல.

அதோட பதகளிப்புக்குக் குடுக்கிற செர்ட்ரலின் எண்ட வேற வகைக் குளிசையை 25 மில்லிகிராமில தொடங்கி 50க்கு கூட்டினவங்க. இது பழக்கமாகிற குளிசை இல்ல, ஆனா வேலை செய்ய சில கிழமை எடுக்கும், தொடக்கத்தில ஓங்காளம் வரும், பதட்டம் கூடின மாதிரியும் இருக்கும், பயந்து நிப்பாட்ட வேண்டாம் எண்டு முதலே சொல்லிட்டாங்க. அப்பிடியேதான் நடந்தது. முதலே சொல்லாம விட்டிருந்தா அம்மா ரெண்டாம் நாளே எறிஞ்சிருப்பா.

உளவளத்துணை செய்யிற மிஸ்ஸுக்கு தனியா ஒரு நன்றி. மூச்சை மெதுவா விடப் பழக்கினது மட்டும் இல்ல, அம்மா பஸ்ஸுக்குப் பயம், மூதூர்ல பெரியம்மா வீட்டுக்குப் போகவே மாட்டா, கிண்ணியாப் பாலத்துக்கு மேல பஸ் போகேக்க அட்டாக் வந்தா இறங்க ஏலாதெண்டு. அந்த மிஸ் முதல் ஒரு ஹோல்ட் மட்டும் போய் இறங்கச் சொன்னவ, பிறகு ரெண்டு, பிறகு பாலத்துக்கு இந்தப் பக்கம் வரை. கடைசியா நானும் அம்மாவும் பாலம் தாண்டினம், அம்மா என்ட கையை நசுக்கிப் பிடிச்சுக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டே வந்தா. பெரியம்மா வீட்டில மீன் குழம்பு சாப்பிட்டுட்டு பின்னேரம் திரும்பி வந்தம்.

குறையும் இருக்கு. விடியவே போய் நம்பர் எடுத்தாலும் மத்தியானம் ஆகிடும், வாங்கு காணாது, வயசாளிகள் நிக்கினம். இந்த கிளினிக் ஆக்களை வராந்தாவில சத்தமா பேர் கூப்பிடுறது எனக்குப் பிடிக்கேல்ல, பக்கத்து கிளினிக்குக்கு வந்த சொந்தக்காரர் திரும்பிப் பார்க்கினம், நம்பரைக் கூப்பிட்டா எவ்வளவு நல்லம். மருந்து சில நேரம் உள்ளுக்க இல்ல, துண்டைத் தந்து வெளிய வாங்கச் சொல்லுவாங்க. டொக்டர்மார் மாற்றலாகிப் போனா புது ஆளுக்கு முதல்ல இருந்து கதை சொல்லணும், ஆனா கொப்பியில எல்லாம் விபரமா எழுதி இருந்ததால எங்களுக்கு பெரிசா கஷ்டம் வரேல்ல. காசு எண்டு ஆஸ்பத்திரியில எங்களிட்ட ஒரு சதமும் வாங்கேல்ல.

இந்த டயசிபாம் 1963ல வாலியம் எண்ட பேர்ல வந்தது, அதுக்கு முந்தி இருந்த பார்பிட்டுரேட் எண்ட பழைய வகை நித்திரை மருந்தை விட ஆபத்து குறைவு எண்டுதான் உலகம் முழுக்க எழுதித் தள்ளினவங்க, அமெரிக்காவில மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் (எஃப்டிஏ) 2020லதான் இந்த வகை எல்லாத்துக்கும் பழக்கமாகிற ஆபத்து பற்றி பெட்டி கட்டி எச்சரிக்கை போடச் சொன்னது. கெட்ட மருந்து எண்டு நான் சொல்லேல்ல, வலிப்புக்கு, ஒப்பரேசனுக்கு, சாராயம் நிப்பாட்டுற ஆக்களுக்கு அது வேணும். ஆனா சாராயத்தோட சேர்த்துப் போட்டா மூச்சே நிண்டுபோகலாம், வயசானவங்க இரவில எழும்பேக்க விழுந்து இடுப்பெலும்பு முறியலாம், அதை துண்டு இல்லாம விக்கிறதை என்னால ஏற்க ஏலாது.

போற ஆக்கள் வீட்டில இருக்கிற எல்லாக் குளிசை அட்டையையும் ஒரு பையில போட்டுக் கொண்டு போங்க, பாமசியில வாங்கினதையும் ஒளிக்காம காட்டுங்க. கனகாலம் போடுற ஆக்கள் நீங்களா ஒரு நாளும் நிப்பாட்ட வேண்டாம், வலிப்பு, குழப்பம் எதாவது வந்தா கிளினிக் நாள் பார்க்காம நேரா அவசர சிகிச்சைக்கு கொண்டு போங்க. இரவில ஏலாமப் போய் ஆரோடயாவது கதைக்கணும் எண்டா 1926க்கு எடுங்க, அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின்ட லைன், தமிழ்ல கதைக்கலாம். கிளினிக்குக்கு அஞ்சுக்கு நாலு, அந்தப் பேர் கூப்பிடுறதை மாத்தினா அஞ்சும் குடுப்பன்.