கூகுள் ஸ்கொலர் ஆய்வாளர் பக்கம்: வன்னியிலிருந்து ஒரு மதிப்பீடு

கிளிநொச்சியில் பணியாற்றும் சமுதாய மருத்துவ ஆய்வாளர் ஒருவரின் பதவி உயர்வு விண்ணப்பத்துக்காக, அவருடைய கட்டுரைகள் எத்தனை தடவை மேற்கோள் காட்டப்பட்டுள்ளன என்ற கணக்கைத் தயாரிக்கும் பொறுப்பு அண்மையில் என்னிடம் வந்தது. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்கொலர் தளத்தில், ஒருவரின் கட்டுரைகளையும் அவை பெற்ற மேற்கோள்களையும் பட்டியலிடும் ஆய்வாளர் பக்கத்துடனேயே மூன்று வாரங்கள் கழிந்தன. ஒப்பீட்டுக்காக, மேற்கோள்களை எண்ணும் இன்னொரு தளமான ஸ்கோப்பஸையும் பார்த்தேன். எங்களைப் போன்ற இடங்களில் இருப்பவர்களுக்கு இது மிகவும் பயனுள்ள சேவை என்பதே என் முடிவு. ஆனால், அது காட்டும் எண்ணைத் திருத்தாமல் அப்படியே எடுத்து விண்ணப்பத்தில் எழுதிவிடக் கூடாது.

இந்தத் தேடுதளம் 2004 இல் தொடங்கியது. ஆய்வாளர்களுக்கான தனிப்பக்கங்கள் 2011 இல் வந்தன. கட்டணம் எதுவும் இல்லை. ஸ்கோப்பஸின் முழு வசதிகளைப் பெற நிறுவனம் சந்தா செலுத்த வேண்டும். மாவட்டச் சுகாதாரப் பணிமனைகளில் அதை எதிர்பார்க்க முடியாது. அத்துடன் ஸ்கோப்பஸ் தான் தெரிவுசெய்த சஞ்சிகைகளையே பெரும்பாலும் எண்ணுகிறது. ஸ்கொலரோ பல்கலைக்கழக ஆய்வேடுகள், நிறுவன அறிக்கைகள், உள்நாட்டுச் சஞ்சிகைகள் ஆகியவற்றையும் தேடிப் பிடிக்கிறது. பொதுச் சுகாதாரத்தில் ஒருவருடைய ஆய்வை எடுத்துப் பயன்படுத்துவோர் பெரும்பாலும் அத்தகைய அறிக்கைகளை எழுதுவோரே என்பதால், இந்த விரிவு எமக்கு உண்மையான நன்மை.

சிக்கல் பெயரில் தொடங்குகிறது. தந்தையின் பெயரை முதலெழுத்தாக முன்னே வைத்துத் தன் பெயரைப் பின்னே எழுதுவது எங்கள் வழக்கம். ஒரு சஞ்சிகை அந்த முதலெழுத்தை விரித்து எழுதச் சொன்னது; இன்னொன்று தந்தையின் பெயரையே குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டது; திருமணத்துக்குப் பின்னர் வெளியான இரு கட்டுரைகளில் கணவரின் பெயர் சேர்ந்தது. இவ்வாறு ஒரே பெண் நான்கு ஆசிரியர்களாகப் பிரிந்து நின்றார். மறுபுறம், அதே முதலெழுத்தும் அதே பெயரும் கொண்ட வேறொருவரின் கட்டுரைகளைத் தளம் தானாகவே இவருடைய பக்கத்தில் சேர்த்திருந்தது. சிறுவர் போசாக்கு பற்றிய இவருடைய ஆய்வுக்கு அடுத்த வரியில் கொங்கிறீற்றின் வலிமை பற்றிய ஒரு கட்டுரை இருந்ததைக் கண்டபோதுதான் பட்டியல் முழுவதையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத் தொடங்கினேன். 38 ஆக இருந்த கட்டுரைகள் 19 ஆகக் குறைந்தன. பிழையானவற்றை நீக்குவதும், ஒரே கட்டுரையின் இரு பதிவுகளை இணைப்பதும் இலகுவானவை. நீக்கியதைத் திரும்பப் பெறவும் முடியும். இளம் ஆய்வாளர்கள் முதற்கட்டுரையிலேயே ஒரு பெயர்வடிவத்தைத் தீர்மானித்து, ஓர்சிட் எனப்படும் 16 இலக்க அடையாள எண்ணையும் பெற்றுக்கொண்டால் இந்தத் தொல்லையின் பெரும்பகுதி குறையும்.

பக்கம் தேடலில் தோன்றுவதற்கு நிறுவன மின்னஞ்சல் முகவரியால் உறுதிப்படுத்த வேண்டும். பல்கலைக்கழக விரிவுரையாளருக்கு இது ஒரு நிமிட வேலை. சொந்த ஜிமெயில் முகவரியிலேயே அலுவலக வேலைகளையும் செய்யும் அரச வைத்தியருக்கோ பெரிய தடை. களத்துக்கு மிக அருகில் இருப்பவர்களே இதனால் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்கள் என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2005 இல் இயற்பியலாளர் ஹோர்கே ஹிர்ஷ் முன்வைத்த எச் சுட்டெண்ணும், குறைந்தது பத்து மேற்கோள் பெற்ற கட்டுரைகளை எண்ணும் ஐ10 சுட்டெண்ணும் பக்கத்தின் வலப்புறத்தில் தெரிகின்றன. ஆறு கட்டுரைகள் முறையே 63, 20, 9, 5, 5, 3 மேற்கோள்கள் பெற்றிருந்தால், குறைந்தது ஐந்து மேற்கோள் பெற்ற கட்டுரைகள் ஐந்து இருப்பதால் எச் சுட்டெண் 5. முதற்கட்டுரை 630 மேற்கோள்கள் பெற்றாலும் அது 5 தான். ஒரே ஒரு நல்ல ஆய்வால் பலருக்குப் பயன்பட்டவரை இந்த எண் காட்டாது. தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டியதைக் கழிக்கும் வசதியும் ஸ்கொலரில் இல்லை, ஸ்கோப்பஸில் உண்டு.

எனக்கு அதிகம் உறுத்தியது தமிழ் அறிக்கைகளின் நிலை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆவணம் எங்கள் கண்ணுக்குத் தமிழ். கணினிக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் வரிசை. எழுத்தாக வாசிக்க முடியாத ஸ்கான் பிரதிகளையும், ஐந்து மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்புகளையும் தளம் எடுத்துக்கொள்வதில்லை. குடும்பநல உத்தியோகத்தர்களுக்காக இவர் எழுதிய கைந்நூல் மேற்சொன்ன மூன்று குறைகளையும் கொண்டிருந்தது. அதை, கணினி தமிழாகவே அறியும் யூனிகோட் முறைக்கு மாற்றினோம். பட்டியலில் அது ஏறினாலும், அதைப் படித்து வேலை செய்யும் உத்தியோகத்தர் கட்டுரை எழுதப்போவதில்லை. ஆகவே மேற்கோளும் வராது.

மேற்கோள் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் சான்றளித்த அதே ஆண்டின் இறுதியில், மன்னாரில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்ற நுளம்பு கண்டறியப்பட்டது. 2017 இல் வெளிவந்த அந்தக் கட்டுரையை, அதே நுளம்பின் பரவலை ஆபிரிக்காவில் ஆராய்வோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். மன்னாரின் கிணறொன்றில் கண்டது உலகத்துக்குப் பயன்பட்டதை மேற்கோள்கள் சரியாகவே காட்டுகின்றன. கிணறு கிணறாக நுளம்புக் குடம்பிகளைத் தேடி நடந்தவர்களின் உழைப்புக்கு மட்டும் அங்கே நிரல் இல்லை. ஆதலால், ஆய்வின் முடிவு எந்தச் சுற்றறிக்கையில், எந்தப் பயிற்சியில் இடம்பெற்றது என்பதைத் தனியாக ஒரு பக்கத்தில் எழுதி விண்ணப்பத்துடன் இணைத்தோம்.

பக்கம் தொடங்குவோர், புதிய கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் அமைப்பை நிறுத்தி, மின்னஞ்சலில் அனுமதி கேட்கும் அமைப்பைத் தெரிவுசெய்ய வேண்டும். அதை மாற்ற மறந்திருந்ததால், விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முதல் நாள் இரவு மேலும் இரண்டு கொங்கிறீற்றுக் கட்டுரைகள் பட்டியலில் ஏறியிருந்தன. அவற்றை நீக்கி, மொத்தத்தை மறுபடி சரிபார்த்த பின்னரே அச்செடுத்தோம்.