4,800 வெள்ளிக்கு வெதுவெதுப்பான தண்ணீர்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீடுகளில் சோலார் ஹீட்டர் விற்க ஒரு பையன் வருவான். பார்த்துக்கொள்ளுங்கள். என் 4,800 வெள்ளி (ரிங்கிட்) போய்விட்டது.

அம்மாவுக்கு முட்டிவலி, விடிகாலையில் சுடுதண்ணீர் வேண்டும். அந்தப் பையன் நல்ல தமிழ் பேசினான். "நானும் தோட்டத்துப் பிள்ளைதாண்ணே" என்றான். அம்மா போட்ட தேநீரைக் குடித்துவிட்டு, வாசலில் ஒரு காலிக் கண்ணாடிக் குழாயை வெயிலில் சாய்த்தான். சற்று நேரத்தில் உள்ளே வெப்பமானியைக் காட்டினால் 140 டிகிரி! "எஃபிசியன்சி 92 சதவீதம், அம்மா." அதாவது, விழுகிற வெயிலில் அவ்வளவும் சூடாக மாறுமாம். அம்மா என்னைப் பார்த்தார். அங்கேதான் விழுந்தேன். காலிக் குழாய் வெயிலில் எவ்வளவும் சுடும். எவ்வளவு தண்ணீரை எத்தனை டிகிரி ஏற்றியது என்பதல்லவா கணக்கு?

பொருத்திய நாள் முதலே வெதுவெதுப்புதான். போன் போட்டால், "மழைக்காலம்ண்ணே." அப்புறம், "நீங்க தண்ணி அதிகமா திறக்குறீங்க." அப்புறம், "டெக்னீஷியன் குளுவாங்கில் இருக்கார்." இப்போது இரண்டு நீல டிக் மட்டும்.

பாலிடெக்னிக்கில் படிக்கும் தங்கை மகன் நல்ல வெயில் நாளில் சோதித்தான். காலையில் 150 லிட்டர், 27 டிகிரி. யாரும் குழாயைத் திறக்கவில்லை. மாலை ஐந்துக்கு 34. தண்ணீரில் ஏறிய வெப்பம் 1.2 யூனிட் (கிலோவாட் மணி)தான். இரண்டு சதுர மீட்டரில் விழுந்த வெயில், நம் ஊர்க் கணக்கில், சுமார் 9 யூனிட். ஆக 13 சதவீதம்! பாதியாவது பிடித்திருந்தால் தண்ணீர் 50 டிகிரியைத் தாண்டியிருக்கும்.

பிறகு ஏணி வைத்து, குழாய்களின் அடிமூடியைக் கழற்றினோம். நல்ல குழாயின் அடியில் கண்ணாடி போல வெள்ளிப் பூச்சு மின்னும். அது பேரியம். குழாயின் இரண்டு கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் காற்று புகுந்துவிட்டால் அது சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிடும், குழாயும் சூட்டைப் பிடித்து வைக்காது. பதினைந்தில் பதினொன்று வெள்ளை. எங்கோ கழற்றிய பழசை என் கூரையில் ஏற்றியிருக்கிறான். வாசலில் காட்டியதோ நல்ல குழாய்.

4,800 வெள்ளி! அதுவும் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம்.

வாங்குகிறவர்கள் அடிமூடியைக் கழற்றிப் பாருங்கள். ஐஎஸ்ஓ 9806 (வெயிலில் சூடாக்கும் கருவிகளைச் சோதிக்கும் சர்வதேச முறை) சோதனை அறிக்கை கேளுங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். ரசீதில் கம்பெனிப் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள், என்னுடையதில் இல்லை. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட 5 வெள்ளிதான். ஆனால் யார் பெயரில் போடுவது?

அம்மா மறுபடி கேஸ் அடுப்பில் பானை வைக்கிறார். இப்போதுகூட அந்தப் பையனுக்குப் போன் அடித்துப் பார்த்தேன். எடுக்கவில்லை.