பேட்டரி சக்கர நாற்காலியும் அதன் பிளக்கும்: நாலரை வருட அனுபவம்

கல்லிடைக்குறிச்சியிலிருந்து என் பள்ளித் தோழி போன வாரம் போன் போட்டாள். "ஏட்டி, அந்த பேட்டரி நாற்காலி எப்படி உழைக்குது? எனக்கும் ஒண்ணு வாங்கலாமான்னு மவன் கேக்கான்." நாற்காலி ரிப்பேர் முடிந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அது இல்லாமல் 19 நாள் கிடந்த கோபம் இன்னும் எனக்குள் இருக்கிறது. அதனால் அவளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியாமல் பேச்சை மாற்றிவிட்டேன். அவளுக்கும், அவளைப் போல என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஒன்றரை வயதில் போலியோ. இடது காலுக்குக் காலிப்பர் என்கிற தாங்கு சட்டம், இரண்டு கைக்கும் ஊன்றுகட்டை. அப்படியே 29 வருடம் வேலைக்குப் போய்வந்தேன். 2014-இல் ருமட்டாய்டு வாதம், அதாவது மூட்டுகள் வீங்கி இறுகுகிற முடக்குவாதம், சேர்ந்துகொண்டது. கட்டையைப் பிடிக்கிற விரல் முட்டிகளே வீங்கின. போலியோ வந்தவர்களுக்கு நாற்பது, ஐம்பது வயதுக்கு மேல் நல்ல தசையும் தளரலாம் என்று டாக்டர் சொன்னார். அதுவும் நடந்தது. 2019-இல் அம்மா போனபின் தனியாகத்தான் இருக்கிறேன். பாளையங்கோட்டையில் ஐந்து வீடு உள்ள வளவில் எங்களுடையது மூன்றாவது. நாற்காலி வாங்கியது 2021 மார்ச்சில், 68,000 ரூபாய்க்கு.

முதலில் காபியைச் சொல்லிவிடுகிறேன். கட்டையில் நடக்கிறவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். இரண்டு கையும் கட்டைக்குப் போய்விடும். அடுக்களையில் காபி போட்டால் அங்கேயே மேடையில் சாய்ந்து நின்று குடிக்க வேண்டும். சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு இன்னொரு அறைக்குப் போக முடியாது. அம்மா இருந்தவரை அவள் கொண்டுவந்து தருவாள். அவள் போனபின் ஒன்றரை வருடம் நின்றுகொண்டேதான் குடித்தேன். நாற்காலி வந்த இரண்டாம் நாள் மடியில் ஈரத்துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் தட்டு வைத்து, டம்ளரையும் டபராவையும் வைத்துக்கொண்டு முன்னறையான தார்சாவுக்கு ஓட்டினேன். நடுவில் ஒரு நிலைப்படி உண்டு. அதை ஏறும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒரு சொட்டுத் தளும்பவில்லை. வளவில் தண்ணீர் பிடிக்கிறவர்களைப் பார்த்தபடி, உட்கார்ந்து, ஆற்றிக் குடித்தேன். எனக்கு அப்போது 53 வயது. நானே போட்ட காபியை வேறு இடத்தில் கொண்டுபோய்க் குடித்தது அதுதான் முதல் தடவை. அழுதுவிட்டேன்.

இந்த ஒன்றுக்காகவே நாற்காலிக்கு எத்தனை மார்க் வேண்டுமானாலும் போடுவேன். உலர்ந்த துணியை மடியில் அள்ளிக்கொண்டு வருகிறேன். காய்ப் பையைக் கைப்பிடியில் மாட்டி வருகிறேன். அடுக்களை மேடையை 30 அங்குலத்துக்கு இறக்கி, அடியில் கடப்பாக்கல் தட்டு எதுவும் வைக்காமல் முட்டி நுழைய இடம் விட்டேன். நாற்காலியோடு உள்ளே போய் உளுந்தம்பருப்புச் சோறு பொங்கி, அம்மியில் அரைக்க முடியாததால் மிக்சியிலேயே எள்ளுத் துவையல் அரைத்து, எனக்குப் பிடித்த உப்பில் சாப்பிடுகிறேன்.

நாற்காலியை ஓட்டுகிற ஜாய்ஸ்டிக்கின் குமிழ் சின்னது, என் விரல் அதைச் சுற்றி மடங்காது. அண்ணன் பேரனின் ஸ்பாஞ்சுப் பந்தில் துளை போட்டு அதன்மேல் செருகினேன். இப்போது உள்ளங்கையால் தள்ளினாலே போதும். முடக்குவாதக்காரர்கள் முதல் நாளே இதைச் செய்துகொள்ளுங்கள்.

சாய்தளத்துக்கு ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளம் என்பது கணக்கு. எங்கள் வாசல் பத்து அங்குலம், அதற்கே பத்தடி வேண்டும். வளவு நடை நாலடி அகலம்தான். நேராகப் போட்டால் எதிர்ச்சுவரில் முட்டும். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் இறக்கினால் அடுத்த வீட்டுப் பெரியம்மா கோலம் போடுகிற இடம் போய்விடும். கேட்கவே கூச்சமாக இருந்தது. "போடுத்தா, நான் அது மேலேயே கோலம் போட்டுக்கிடுதேன்" என்றாள். இன்றுவரை அந்தச் சரிவில்தான் போடுகிறாள். கோலம் சற்று நீண்டு, கீழ்ப்பக்கமாக இறங்கியிருக்கும். பாதிச் சரிவில் ஜாய்ஸ்டிக்கை விட்டாலும் மோட்டார் பிரேக் பிடித்து அப்படியே நிற்கும், உருளாது. பால் பாக்கெட்டை வாங்க நடுவழியில் நிறுத்திப் பேசுகிற தைரியம் அதனால்தான்.

இவ்வளவும் உண்மை. இனி அந்தப் பிளக்.

ராத்திரி ஒன்பது மணிக்குச் சார்ஜ் போட வேண்டும். ஈய பேட்டரியை இறங்கிய நிலையில் விட்டுவைத்தால் கெட்டுப்போகும், அதனால் ஒரு நாள்கூடத் தப்பக்கூடாது. ஜாய்ஸ்டிக் பெட்டியின் அடியில் மூன்று ஊசி உள்ள வட்டப் பிளக்கைச் செருக வேண்டும். ராத்திரியில் என் விரல் ஓரளவு நன்றாகவே இருக்கும், செருகிவிடுவேன். பிடுங்குவது காலை ஐந்தரைக்கு. ருமட்டாய்டு உள்ளவர்களுக்கு அந்த நேரம் எப்படியிருக்கும் என்று தெரியும். விரல்கள் மரக்கட்டையாக இருக்கும், இளகுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிளக்கோ வழுவழுவென்று உருண்டையாக, பிடித்து இழுக்க ஒரு வரிகூட இல்லாமல், கடுமையான இறுக்கத்தோடு இருக்கும். அது செருகியிருக்கும்வரை நாற்காலி நகராது. தெரியாமல் ஓட்டி வயரை அறுத்துவிடக்கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள், நியாயம்தான். சுவரில் சுவிட்சை அணைத்தாலும் நகராது. ஆக, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தபின், மூத்திரம் முட்டிக்கொண்டு இருக்க, சுவரோடு கட்டிப்போட்ட மாடு மாதிரி நான் அங்கே இருக்க வேண்டும். கையை இளக்க வெந்நீர் வேண்டும். வெந்நீர் அடுக்களையில் இருக்கிறது. அடுக்களைக்குப் போக நாற்காலி வேண்டும்.

தலைமாட்டில் பிளாஸ்கில் வெந்நீர் வைத்துக்கொள்ளப் பழகினேன். துண்டை நனைத்து இரண்டு கையையும் இருபது நிமிடம் சுற்றிவைத்து, பிறகு பிடுங்குவேன். அப்படியும் முடியாத நாளில் வயரை மணிக்கட்டில் சுற்றி இழுத்துவிட்டேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கை வலுவில்லாதவர்களுக்கென்றே செய்கிற சாமானில், பிடிக்க ஒரு வளையம் வைக்க ஏன் தோன்றவில்லை? செய்தவர்களில் ஒருவராவது காலை ஐந்தரைக்கு அதைப் பிடுங்கிப் பார்த்தாரா?

2023 டிசம்பரில் வெள்ளம் வந்தபோது இந்த நாற்காலிதான் என்னைக் காப்பாற்றியது. 17-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் மருந்தை வாரத்துக்கு ஒரு நாள்தான் போட வேண்டும், எனக்கு ஞாயிறு. மறுநாள் குமட்டிக்கொண்டு தலை தூக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. தாமிரபரணி ஆறு திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமெல்லாம் ஏறிவிட்டது. எங்கள் பக்கம் மேடு, வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, ஆனால் மூன்று நாள் கரண்ட் இல்லை. அந்த ஜூலையில்தான் முதல் ஜோடி பேட்டரி 28 மாதம் உழைத்து ஓய்ந்து, புதுசு போட்டிருந்தேன். கட்டில், குளியலறை, அடுக்களை என்று மட்டும் ஓட்டினேன். தேவையில்லாத நேரம் அணைத்தே வைத்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் கரண்ட் வந்தபோது நாற்காலியின் சார்ஜ் காட்டும் விளக்கு மஞ்சளுக்கு இறங்கியிருந்தது, சிவப்புக்குப் போகவில்லை. இருட்டில் அந்தச் சின்ன விளக்குகளைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது மறக்காது.

அதே பேட்டரிகள்தான் 2025 ஆகஸ்டில் செத்தன. நான் வயரை இழுத்து இழுத்து, பெட்டிக்குள் சாக்கெட் ஆடிப்போயிருக்கிறது. அதனால் ராத்திரி முழுக்கப் போட்டும் பாதிச் சார்ஜ்தான் ஏறியிருக்கிறது. ஒரு நாள் காலை அடுக்களை நிலைப்படியில் ஏறும்போது நின்றுவிட்டது. பிரேக்கைத் தளர்த்துகிற லீவர் மோட்டார் பக்கத்தில், பின்னால் இருக்கிறது. உட்கார்ந்திருப்பவருக்கு எட்டாது. நாற்காலியே 50 கிலோவுக்குப் பக்கம். கூப்பாடு போட்டுப் பக்கத்து வீட்டுப் பையன் வந்து லீவரைத் திருப்பித் தள்ளினான்.

விற்றவர்கள் ஜாய்ஸ்டிக் பெட்டியைக் கழற்றி வெளியூருக்கு அனுப்பச் சொன்னார்கள். மாற்றுப் பெட்டி ஒன்று கொடுங்கள், நான் தனியாக இருக்கிறவள் என்றேன். அப்படி வழக்கம் இல்லை என்றார்கள். மூன்று நாள் என்றது 19 நாள் ஆனது. நான்கு தடவை போன் செய்தேன், ஒவ்வொரு தடவையும் வேறு ஒருவர் எடுத்தார், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொன்னேன்.

அந்த 19 நாளும் மறுபடி கட்டை. தள்ளு நாற்காலியை உருட்ட என் மணிக்கட்டு விடாது. அண்ணன் மகள் வந்து தங்கினாள், பெரியம்மா இரண்டு வேளை சோறு கொண்டுவந்தாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆனாலும் ராத்திரி தாகம் எடுத்தால் தூங்குகிற பெண்ணை எழுப்ப வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் கிடந்திருக்கிறேன். காபி மறுபடி அடுக்களையில் நின்றபடிதான்.

பேட்டரி ஜோடி 13,400 ரூபாய். நாற்காலிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதில் போடுகிற ஈய பேட்டரியைக் கடையில் தனியாக வாங்கினால் அப்போது 28 சதவீதம். அது இல்லாமல் நாற்காலி ஓடாது என்பது வரி போடுகிறவர்களுக்குத் தெரியாதா? நான் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். குறைந்தது நல்லதுதான், இனி வாங்குகிறவர்களுக்கு உதவும். 5-க்குக் கொண்டுவர வேண்டும் என்றுதான் இப்போதும் சொல்வேன்.

பெட்டி திரும்பி வந்ததும் முதல் வேலையாக, எனக்கு இருபது வருடமாகக் காலிப்பர் வார் தைத்துத் தருகிறவரிடம் பிளக்கைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிளக்கின் கழுத்தை இறுக்கிச் சுற்றுகிற மாதிரி தோலில் ஒரு பட்டையும், கை நுழைகிற அளவு ஒரு வளையமும் தைத்துத் தந்தார். கூலி 60 ரூபாய். இப்போது மணிக்கட்டை வளையத்துக்குள் விட்டுச் சாய்ந்தால் பிளக் வந்துவிடுகிறது, விரலே வேண்டாம். பிளாஸ்க் இல்லை, துண்டு இல்லை. இந்த வளையம் 2021-இலேயே இருந்திருந்தால் சாக்கெட் ஆடியிருக்காது, பேட்டரி செத்திருக்காது.

என் தோழிக்கு என்ன சொல்வது? நாற்காலியைப் பற்றி நான் எழுதிய நல்லதில் ஒரு வார்த்தையையும் எடுக்க மாட்டேன். இருந்தாலும் இன்றைக்குக் கேட்டால், வாங்காதே என்றுதான் சொல்வேன். ரிப்பேர் நாளில் மாற்றுப் பெட்டி தருவோம், ஆள் திருநெல்வேலியிலேயே இருக்கிறார் என்று எழுத்தில் தருகிற கடை கிடைக்கும்வரை வாங்காதே. உனக்கு மகன் கூட இருக்கிறான், 19 நாளைத் தாண்டிவிடுவாய் என்று தோன்றலாம். பகலில் அவன் வேலைக்குப் போய்விடுவானே.

ஒன்று செய். இங்கே வந்து ஓட்டிப் பார். உனக்குச் சர்க்கரையால் விரல் நுனி மரத்துப்போகிறது என்றாயே, அதனால் காலை பஸ்ஸில் வராதே, முந்தின நாள் சாயங்காலமே வந்து தங்கு. தோல் பட்டையைக் கழற்றி வைக்கிறேன். ஐந்தரைக்கு எழுந்து நீயே அந்தப் பிளக்கைப் பிடுங்கிப் பார்.