ஹெல்மெட் கேமராவா, வண்டியில் பொருத்தும் டேஷ்கேமா?

பைக்குக்குக் கேமரா வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது படத் தெளிவு 4கே-யா, 1080பி-யா என்றுதான். என்னைக் கேட்டால் அது அப்புறம் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, நீங்கள் மறந்துபோன நாளிலும் அது பதிவு செய்யுமா என்பது.

ஹெல்மெட்டில் ஒட்டும் ஆக்‌ஷன் கேமரா இந்த இடத்திலேயே திணறிவிடும். முந்தைய இரவே சார்ஜ் போட வேண்டும், கையுறை மாட்டுவதற்கு முன் பட்டனை அழுத்த வேண்டும். உயர்ந்த தரத்தில் வைத்தால் ஒரு பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கும், மிஞ்சிப்போனால் ஒன்றரை. ஊர் சுற்றுவதற்கு இது சரி. தினமும் வேலைக்குப் போகிறவர் இரண்டாவது வாரத்திலேயே ‘இன்றைக்கு ஒரு நாள் வேண்டாம்’ என்று கிளம்பிவிடுவார். இடிக்கிறவன் சரியாக அந்த நாளில்தான் வருவான்.

ஒரு விஷயத்தில் மட்டும் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. நீங்கள் திரும்பிப் பார்க்கும் பக்கம் அதுவும் பார்க்கும். பக்கவாட்டில் வந்து உரசிவிட்டுப் போகிற வண்டி டேஷ்கேமில் பாதி உடம்போடு கடந்துபோகும். ஹெல்மெட் கேமராவிலோ முழுதாகத் தெரியும். ஹெல்மெட்டுக்குள் மைக் வைத்திருந்தால் இன்னொரு வசதி. நம்பரைப் பார்த்த உடனே சத்தமாகப் படித்துவிடுங்கள். படம் மங்கலாக இருந்தாலும் குரல் பதிவாகியிருக்கும். கேமராவை உச்சந்தலையில் ஒட்டாமல் தாடைப் பகுதியில் வைப்பது பார்வைக்கும் நல்லது, காற்று இழுப்பதும் குறையும். சில இடங்களில் ஹெல்மெட்டில் எதையும் ஒட்டக் கூடாது என்றே விதி இருக்கிறது. வாங்குவதற்கு முன் உங்கள் பகுதிச் சட்டத்தைப் பாருங்கள்.

வண்டியில் பொருத்தும் டேஷ்கேம் சாவியைத் திருப்பியதும் தானாக ஓடத் தொடங்கும். ஹெட்லைட்டுக்குக் கீழே ஒரு லென்ஸ், பின்னால் நம்பர் பிளேட்டுக்கு மேலே ஒன்று, சீட்டுக்கு அடியில் சின்னப் பெட்டி. அதை ஒருமுறை பொருத்திவிட்டால் அப்புறம் நினைவில் வைக்க ஒன்றுமில்லை. பின்னாலிருந்து வந்து முட்டுகிறவரையும் அது பார்த்துக்கொண்டிருக்கும். அன்றாட ஓட்டத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் பொருத்தியதோடு கண்ணை மூடிவிடாதீர்கள். என் முதல் டேஷ்கேமில் ஜி-சென்சாரின் உணர்திறன் ‘ஹை’யில் இருந்தது. அதிர்வு வந்தால் அந்த ஃபைலை அழியாமல் பூட்டிவைப்பது அதன் வேலை. கார்களுக்கு அது சரி. பைக்கில் ஒவ்வொரு குழியும் அதற்கு விபத்துதான். ஒருநாள் ஒரு பதிவு தேவைப்பட்டுக் கார்டை எடுத்துப் பார்த்தால் நூற்றுக்கணக்கில் பூட்டிய ஃபைல்கள், எல்லாமே நான் பள்ளத்தில் இறங்கி ஏறியவை. அவையே கார்டை நிரப்பிவிட்டதால் புதிதாக எழுத இடமில்லை, கடைசிப் பதிவு மூன்று வாரம் பழையது. கேமராவின் விளக்கு மட்டும் ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது. இப்போது ‘லோ’வில் வைத்திருக்கிறேன், மாதம் ஒருமுறை கார்டைத் திறந்து பார்க்கிறேன்.

கார்டின் கணக்கு எளிது. ஒரு கேமரா நொடிக்கு 16 மெகாபிட் எழுதினால் மணிக்கு 7.2 ஜிபி, இரண்டுக்கும் சேர்த்து 14.4. அதாவது 64 ஜிபி கார்டில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் தங்கும். அப்புறம் பழையதன் மேல் எழுதும். அதனால் 128-க்குக் கீழே போகாதீர்கள், திரும்பத் திரும்ப எழுதுவதைத் தாங்கும் ‘ஹை என்ட்யூரன்ஸ்’ வகையாகவும் இருக்கட்டும். உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கும் மாடலைவிட சூப்பர் கெப்பாசிட்டர் இருக்கும் மாடல் மேல். அது வெயிலில் உப்பாது, மோதலில் மின்சாரம் அறுந்தாலும் கடைசி ஃபைலை எழுதி முடிக்கிற அளவுக்குச் சக்தி வைத்திருக்கும். பாதியில் நின்ற ஃபைல் பல சமயம் திறக்கவே திறக்காது.

வண்டி நிற்கும்போதும் பதிவு செய்யும் பார்க்கிங் மோடு என்று ஆசை காட்டுவார்கள். 0.3 ஆம்பியர் இழுத்தாலே ஒரு நாளுக்கு 7.2 ஆம்பியர்-மணி. சின்ன பைக்கின் பேட்டரி மொத்தமே அவ்வளவுதான். மறுநாள் காலை செல்ஃப் எடுக்காது.

சரி, 4கே விஷயத்துக்கு வருவோம். 140 டிகிரி அகல லென்ஸில் சில மீட்டர் தள்ளிப் போனாலே நம்பர் பிளேட் புள்ளியாகிவிடும். பகலில் அங்கே 4கே நிச்சயம் கைகொடுக்கும். இரவில் அவ்வளவாக இல்லை. வெளிச்சம் குறைந்தால் ஷட்டர் மெதுவாகும், எழுத்துகள் இழுபட்டுக் கோடாகும். அங்கே புள்ளிகளின் எண்ணிக்கையைவிட சென்சாரின் தரம்தான் பேசும். எந்த சென்சாராக இருந்தாலும் லென்ஸில் சேறு அப்பியிருந்தால் எதுவும் பேசாது.

செல்ஃபோனை ஹேண்டில்பாரில் மாட்டிப் பதிவு செய்யலாமே என்றால், வேண்டாம். அதிக சக்தியுள்ள பைக் எஞ்சினின் அதிர்வு ஐபோன் கேமராவின் நிலைப்படுத்தும் பாகத்தைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்திருக்கிறது.

இதுவரை சொன்ன எதுவும் உங்களைக் காப்பாற்றாது, நடந்ததைச் சொல்லும், அவ்வளவுதான். உடம்பைக் காக்க வேண்டுமானால் திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டி முதலில், விழும்போது ஊதி உடம்பைத் தாங்கும் ஏர்பேக் ஜாக்கெட் அடுத்து, கேமரா அதற்கும் பிறகு. பின்னால் வருவதைக் காட்டும் ரேடார் விளக்கு நெடுஞ்சாலையில் உதவும். நெரிசலில் ஓயாமல் மின்னுவதால் நாலாம் நாள் கண் அதைக் கண்டுகொள்ளாது.

ஏர்பேக்கில் இரண்டு வகை. மோட்டோஜிபி பைக் பந்தய ஓட்டுநர்களுக்கு 2018 முதல் கட்டாயமானது மின்னணு வகை. சென்சார்கள் உடம்பின் அசைவைப் படித்து ஊத வைக்கும், சார்ஜ் போட வேண்டும், சில மாடல்களுக்கு சந்தாவும் உண்டு. இன்னொன்று வண்டியோடு கயிற்றால் இணைப்பது. நீங்கள் தூக்கி எறியப்படும்போது கயிறு இழுபட்டு வாயுக் குப்பி திறக்கும். வண்டியோடு சேர்ந்தே மோதினால் கயிறு இழுபடும்வரை காத்திருக்க வேண்டும், அந்த இடத்தில் மின்னணு வகை முந்தும். ஆனாலும் சார்ஜ் போட மறக்கிற என்னைப் போன்றவர்களுக்குக் கயிறுதான். கழற்ற மறந்து இறங்கினால் ஊதிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், அதற்குப் பலமான இழுப்பு வேண்டும். சட்டைக் காலரைப் பிடித்தது போல ஒரு இழு இழுத்து நிறுத்தும், பக்கத்தில் இருப்பவர் சிரிப்பார்.