நகை, இ.டி.எஃப்., சுரங்கப் பங்கு: தங்கம் ஏறி இறங்கும்போது எதில் எவ்வளவு அடி?

2011 செப்டம்பரில் அவுன்ஸுக்கு (சுமார் 31 கிராம்) 1,900 டாலரைத் தொட்ட தங்கம், 2015 டிசம்பரில் 1,050 டாலருக்கு இறங்கியது. ஏறக்குறைய 45% சரிவு. அமெரிக்கச் சந்தையில் தங்கச் சுரங்கப் பங்குகளைத் தொகுத்து வைத்திருக்கும் ஜி.டி.எக்ஸ். ஃபண்டோ, 2011 உச்சத்திலிருந்து 2016 ஜனவரிக்குள் 80 சதவீதத்துக்கு மேல் இழந்தது. இந்தியாவில் 10 கிராம் சுத்தத் தங்கம் சுமார் 28,000 ரூபாயிலிருந்து 25,000 ரூபாய்க்குத்தான் வந்தது. டாலர் மதிப்பு 47 ரூபாய் அளவிலிருந்து 66 ரூபாய்க்கு ஏறியதும், இறக்குமதி வரி 10% ஆனதும் சரிவைத் தாங்கிக்கொண்டன.

அந்தத் தாங்கல் எப்போதும் கிடைக்காது. 2024 ஜூலை 23 அன்று வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, உலக விலையில் பெரிய மாற்றம் இல்லாமலேயே இங்கே விலை விழுந்தது. நகை, இ.டி.எஃப். (தங்கத்தை வைத்திருந்து, பங்குபோல் சந்தையில் யூனிட்டாகக் கைமாறும் ஃபண்டு), தங்க விலையோடு இணைந்த அரசின் தங்கப் பத்திரம் மூன்றுக்கும் அன்று ஒரே அடி.

நகையில் விலைச் சரிவைவிட முதலில் பார்க்க வேண்டியது பில். 22 காரட் கிராம் 10,000 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால் ஒரு பவுன் 80,000. சேதாரம் 12% என்றால் 9,600. இரண்டும் சேர்ந்த தொகைக்கு 3% ஜி.எஸ்.டி. 2,688. கடையை விட்டு வெளியே வரும்போது கொடுத்தது 92,288 ரூபாய். மறுநாளே விற்றால் அதிகபட்சம் 80,000. அதாவது தங்கம் 15 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் போட்ட பணம் திரும்பும். கல் பதித்த நகையில் நிலைமை இன்னும் மோசம்: திருப்பி விற்கையில் கல்லின் எடையைக் கழித்துவிடுவார்கள். எனவே பில்லில் தங்கத்தின் நிகர எடை தனியாக இருக்கிறதா, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. ஹால்மார்க் அடையாளக் குறியீடு நகையில் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். நாணயத்தில் செய்கூலி குறைவு; ஆனால் வங்கியில் வாங்கிய நாணயத்தை அதே வங்கி திரும்ப வாங்காது.

நகைச்சீட்டு பெரும்பாலும் 11 மாதம்தான். முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துவிட்டால் அது வைப்புத்தொகையாகக் கருதப்படாது என்ற விதியே அதற்குக் காரணம். கடை மூடப்பட்டால் சீட்டுக் கட்டியவருக்கு எந்த அடமானமும் கையில் இல்லை. மாதாமாதம் பணமாக வரவு வைக்கிறார்களா, அன்றைய விலைக்குக் கிராமாக வரவு வைக்கிறார்களா என்று கேளுங்கள். விலை ஏறும் காலத்தில் பணமாக வைக்கும் சீட்டு, கட்டியவருக்கு நஷ்டமே.

இ.டி.எஃப்.-இல் சேதாரம் இல்லை. ஆண்டுக் கட்டணமும், வாங்க விற்கத் தரகும் உண்டு. 12 மாதம் கடந்தால் லாபத்துக்கு 12.5% வரி, நகைக்கும் நாணயத்துக்கும் அந்தச் சலுகைக்கு 24 மாதம் காத்திருக்க வேண்டும். சிக்கல் வருவது பரபரப்பான நாட்களில். எல்லோரும் ஒரே நேரத்தில் வாங்க ஓடும்போது யூனிட்டின் சந்தை விலை, உள்ளிருக்கும் தங்கத்தின் மதிப்பைத் தாண்டிவிடும். ஒரு யூனிட்டுக்குள் இருக்கும் தங்கத்தின் மதிப்பைக் காட்டி, சந்தை நேரம் முழுவதும் வெளியாகும் ஐ-என்.ஏ.வி.யைப் பார்த்து, அதை ஒட்டிய விலையில் லிமிட் ஆர்டர் (இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்ற ஆர்டர்) போடுவதே சரி.

அரசின் தங்கப் பத்திரம்தான் உண்மையில் சிறந்ததாக இருந்தது. 2015-இல் கிராம் 2,684 ரூபாய்க்கு வெளியான முதல் தொகுதி 2023-இல் 6,132 ரூபாய்க்கு முதிர்ந்தது, வட்டி தனி. 2024 பிப்ரவரிக்குப் பிறகு புது வெளியீடு இல்லை. சந்தையில் பழைய பத்திரத்தை வாங்கலாம். கைமாறும் அளவு குறைவு என்பதால் தங்க விலையோடு ஒப்பிடாமல் வாங்காதீர்கள்.

சுரங்கப் பங்கு தங்கமே அல்ல. தங்க விலைக்கும் செலவுக்கும் இடையிலுள்ள இடைவெளி. ஓர் அவுன்ஸ் எடுக்க 1,300 டாலர் செலவு, விலை 1,900 என்றால் மிச்சம் 600. விலை 10% ஏறினால் மிச்சம் 790, அதாவது 32% கூடுதல். 10% இறங்கினால் 410. டீசல், மின்சாரம், கூலி ஏறினால் விலை அசையாமலேயே மிச்சம் கரையும்.

சரிவு நிலத்துக்குள்ளும் எட்டும். ஒரு டன் பாறையில் தங்கம் இத்தனை கிராமுக்குக் கீழே இருந்தால் தோண்டுவது நஷ்டம் என்ற கோடு மேலே போகும். நேற்று தாதுவாக இருந்தது இன்று வெறும் பாறை. கனடாவின் பாரிக் சுரங்க நிறுவனம், கையிருப்பை (லாபத்தில் தோண்டி எடுக்கக்கூடிய நிலத்தடித் தங்கத்தை) கணக்கிடும் விலையை 1,500 டாலரிலிருந்து 1,100 ஆகக் குறைத்த 2013-இல், அதன் கையிருப்பு சுமார் 14 கோடி அவுன்ஸிலிருந்து 10.4 கோடியாகச் சுருங்கியது. அதே ஆண்டு சிலி–அர்ஜென்டினா எல்லையின் பாஸ்குவா-லாமா திட்டத்தையும் நிறுத்தியது. தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாக உழைத்த கோலார் தங்கவயல் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டதும் இதே கணக்கில்தான்: 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழம், குறைந்துபோன தரம், அவுன்ஸுக்கு 270 டாலரைக்கூட எட்டாத விலை.

விலை ஏறினாலும் சுரங்கம் சாயலாம். கானாவின் அஷாந்தி கோல்ட்ஃபீல்ட்ஸ் வருங்கால உற்பத்தியை முன்கூட்டியே விலை பேசி வைத்திருந்தது. 1999 செப்டம்பர் 26 அன்று ஐரோப்பிய மத்திய வங்கிகள் தங்க விற்பனைக்கு வரம்பு அறிவித்ததும் விலை 320 டாலரைத் தாண்டியது. குறைந்த விலைக்குப் பேசிய ஒப்பந்தங்கள் நஷ்டமாகி, அவற்றுக்குக் கூடுதல் பிணை கேட்கப்பட, நிறுவனம் திவாலின் விளிம்புக்குப் போனது.

கல்யாணத்துக்கு நகை தேவை, இன்னும் மூன்று ஆண்டு இருக்கிறது என்றால் இ.டி.எஃப்.-இல் மாதாமாதம் சேர்த்து, தேதி நெருங்கியதும் விற்று நகை வாங்குங்கள். சுரங்கப் பங்கில் பாதியாகச் சரிந்தாலும் தாங்கும் பணத்தை மட்டும் போடுங்கள். அதற்கு முன் நிறுவன அறிக்கையில் ஓர் அவுன்ஸுக்கான ஏ.ஐ.எஸ்.சி. முழுச் செலவு, கையிருப்பைக் கணக்கிட்ட விலை, முன்கூட்டியே விற்று வைத்த அளவு ஆகிய மூன்றையும் தேடி எடுத்துப் பாருங்கள்.